பச்சையை அழிப்பது யார்?

சென்ற ஆண்டு ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றின் மாலையில், முன்னர் என்னிடம் உயிரியல் கற்ற மாணவன் ஒருவனும் அவனுடைய தாயாரும் எங்கள் இல்லத்துக்கு வந்தனர். பையனுக்கு வயது இருபத்தாறு. ஆவணியில் திருமணம். நாள் குறித்து, மண்டபம் பேசி, முற்பணமும் கொடுத்தாயிற்று. அழைப்பிதழ் தரத்தான் வந்தார்களென்று எண்ணி மகிழ்ச்சியோடு வரவேற்றேன். தாயாரோ தேநீர்க் கோப்பையைத் தொடவுமில்லை.

"சேர், இவன்ர கையை ஒருக்காப் பாருங்கோ" என்றார்.

பையன் தலையைக் குனிந்தபடி சட்டைக் கையை மடித்தான். இடது முன்கையின் உட்புறத்திலே ஒரு பெண்ணின் பெயர். தமிழில், நான்கு எழுத்து. எழுத்துகளைச் சுற்றி இலைகளோடு கூடிய பச்சைக் கொடி. கொடியின் நுனியில் ஒரு சிவந்த ரோசா. பத்தொன்பது வயதிற் குத்திக்கொண்டதாம். மணப்பெண்ணின் பெயர் அதுவன்று என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

காரியாலயத்துக்கு முழுக்கைச் சட்டை போதும். மணவறைக்கு அது உதவாது. பட்டு வேட்டியும் சால்வையுமாய் அமர்ந்து, பெண்ணின் தந்தையார் தாரை வார்க்கையில் மணமகன் கையை நீட்டவேண்டும். அந்தக் கையைச் சபை முழுவதும் பார்க்கும். அன்னையாரின் கவலை அதுவே.

அவர்கள் என்னிடம் வந்தது ஆலோசனை கேட்பதற்கன்று. ஏறத்தாழத் தீர்மானித்துவிட்ட ஒன்றுக்கு என் ஒப்புதலைப் பெறுவதற்கே. நகரத்து அழகு நிலையமொன்றில் மூன்று தடவையில் முழுவதும் போக்கித் தருவதாகச் சொன்னார்களாம். பையன் தன் கைத்தொலைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினான். வெள்ளைக்கார இளைஞன் ஒருவனுடைய தோளிலே கரிய எழுத்துகள். பேனாவைப் போன்றதொரு கருவியை அவற்றின்மேல் நகர்த்துகின்றார்கள். கருவி சென்ற இடமெல்லாம் கறுப்பு மறைந்து வெண்மையாகின்றது. கரும்பலகையிலே வெண்கட்டி எழுத்தை ஈரத் துணியால் துடைப்பதுபோல, கண்ணெதிரே நிகழ்கின்றது.

"பாத்தீங்கதானே சேர், உடனேயே போகுது" என்றான்.

நேயர்களே, பச்சை நீக்குதல் பற்றி நம்மவரிடையே வழங்கும் தவறான எண்ணங்கள் பல. அவற்றுள் மிகப் பெரியது அந்தக் காட்சியில் இருந்தது. அது பொய்ப்படமன்று, உண்மையாக நடப்பதுதான். ஆயினும் அங்கே வெளுத்துத் தோன்றுவது பச்சை போனதன் அடையாளமன்று. லேசர் ஒளி பட்டவுடன் மையின் துணிக்கைகள் கடுஞ்சூடேறி, சுற்றியுள்ள ஈரத்தில் நுண்ணிய நீராவி, வாயுக் குமிழிகளை எழுப்புகின்றன. அந்தக் குமிழிகளே வெண்பனி படர்ந்தாற்போலத் தோன்றி எழுத்தை மறைக்கின்றன. இருபது நிமிடம் பொறுத்தால் குமிழி அடங்கும். எழுத்து மீண்டும் தெரியும். படம் பிடித்தவர்கள் அந்த இருபது நிமிடம் காத்திருக்கவில்லை, அவ்வளவே!

இதைச் சொன்னபோது பையனின் முகம் வாடியது. அவனைச் சமாதானப்படுத்துவதற்காக எனது சிறுவயதுக் கதையொன்றைச் சொன்னேன்.

மலைநாட்டுத் தோட்டமொன்றில் வாழ்ந்த என் அப்பாயிக்கு, இரு முன்கைகளிலும் கோலப் புள்ளிகளைப் போன்ற பச்சை இருந்தது. அது அழுக்கென்று எண்ணி, ஆறு வயதிலே, பீலிக்கரையில் அவருடைய கையைத் தேங்காய்த் தும்பாலும் சவர்க்காரத்தாலும் நான் தேய்த்தேனாம். "தேயிடா தேயி, கையி போனாலும் இது போவாது" என்று அவர் சிரித்தாராம். விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் குழைத்து, ஊசியாற் குத்திய பச்சை அது. கரி கறுப்பாயிருக்க, அதற்குப் 'பச்சை' என்ற பெயர் வந்ததேன் என்று பின்னாளில் வியந்ததுண்டு. தோலுக்கு அடியிலிருக்கும் கருமை, தோலினூடாகப் பார்க்கும்போது நீலமும் பச்சையும் கலந்ததாய்த் தோன்றும். குருதி சிவப்பாயிருக்கவும், கையிலோடும் நாளங்கள் நமக்கு நீலமாய்த் தெரிகின்றனவல்லவா? ஏறக்குறைய அதுவும் இத்தகையதே. பச்சை என்ற பெயரிலேயே, மை தோலின்மேல் இல்லை, உள்ளே இருக்கின்றது என்னும் உண்மை அடங்கிக் கிடக்கின்றது.

நம் தோலின் மேற்படை ஓயாது உதிர்ந்து, சில வாரங்களிற் புதிதாகிவிடும். மை அங்கே நின்றிருந்தால் மருதோன்றியைப் போல அதுவும் போய்விடும். பச்சை குத்தும் ஊசி அந்தப் படையைக் கடந்து, ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில் அடித்தோலிலே மையை வைக்கின்றது. கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் பச்சை நீக்கும் கிறீம்கள் அவ்வாழத்துக்குச் செல்வதில்லை. செல்லும் வலிமையுள்ளது ஏதேனும் இருப்பின் அது மருந்தன்று, அமிலம். அது மையைத் தேடி அழிப்பதில்லை. வழியிலுள்ள தசையை அழித்துக்கொண்டு போகும்.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்னர், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், தகப்பனாருக்கு அஞ்சி, வாகனப் பற்றறியின் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துத் தன் மணிக்கட்டில் இருந்த ஓர் எழுத்தின்மேல் வைத்தான். மூன்று நாள் யாருக்கும் சொல்லாமல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தான். நாற்றம் எழுந்த பின்னரே நாங்கள் அறிந்தோம். வைத்தியசாலையில் பல நாள் கிடந்தான். அவனை அண்மையிற் கண்டேன். மணிக்கட்டில் தடித்துச் சுருங்கிய தழும்பு. தழும்பின் ஓரத்தில் அந்த எழுத்தின் வால் இன்னமும் இருக்கின்றது. அன்று அந்தத் தகப்பனார் என்ன செய்திருப்பார்? ஏசியிருப்பார், ஓர் அடியும் போட்டிருக்கலாம். அதற்கு அஞ்சிப் பிள்ளை செய்த காரியம் இது. பெற்றோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும்.

மனிதன் இவ்வாறு தன் தோலைத் தானே புண்ணாக்கிக்கொள்வது புதிதன்று. பண்டைய கிரேக்க, உரோம நாடுகளில் அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் நெற்றியிலே பச்சை குத்தினர். கி.பி. 316 ஆம் ஆண்டில் கொன்ஸ்தந்தைன் மன்னன், முகத்திற் குத்தலாகாது என்று சட்டம் இயற்றவேண்டி வந்தது. விடுதலை பெற்றோர் அவ்வடுவைப் போக்க வைத்தியரை நாடினர். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அமிதா நகரத்து ஏத்தியசு என்னும் வைத்தியர், சுண்ணாம்பு, மிளகு முதலியன சேர்ந்த பூச்சுகளையும், குத்திய இடத்தை மீண்டும் குத்தி உப்பிட்டு மூடும் முறையையும் எழுதிவைத்துள்ளார். புண்ணாக்கிப் போக்குவதே முறை என்பது அக்காலத்துக் கொள்கை. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு மேலாகியும், உப்பும் எலுமிச்சஞ்சாறும் தேய்த்தால் போகுமென்று நம் அயலவர் சொல்லக் கேட்கின்றோம். ஏத்தியசுக்கு லேசரில்லை, அவரை நாம் மன்னிக்கலாம்.

இனி அந்த லேசருக்கு வருவோம். இங்கேதான் படித்தவர்களும் தவறுகின்றனர். கருவி மையை எரித்து இல்லாமற் செய்கின்றது என்பது அவர்களுடைய எண்ணம். உண்மையில் நடப்பது வேறு; எனக்கு அது மிகவும் வியப்பூட்டுவது.

ஊசி உள்ளே வைத்த மையை உடல் அந்நியப் பொருளென்றே கொள்ளும். உடனே தின்குழியங்கள் என்னும் காவற்கலங்கள் ஓடிவந்து மைத் துணிக்கைகளை விழுங்கும். கிருமியாயின் செரித்துவிடும். மையைச் செரிக்க முடியாது. துணிக்கை பெரிதாகையால் தூக்கிச் செல்லவும் முடியாது. ஆகவே விழுங்கியபடி அங்கேயே இருந்துவிடும். நாம் எழுத்தென்று பார்ப்பது பெரும்பாலும், மையை வயிற்றில் வைத்துக்கொண்டு அசையாதிருக்கும் இக்கலங்களின் வரிசையைத்தான். 2018 ஆம் ஆண்டில் பிரான்சின் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு வேறொன்றையும் காட்டினர். இக்கலங்கள் இறக்கும்போது மையை வெளியே விடுகின்றன. அதே இடத்துக்கு வரும் புதிய கலங்கள் அதை மீண்டும் விழுங்கிக்கொள்கின்றன. காவலாளி மாறுகின்றான், கைதி மாறுவதில்லை. அப்பாயியின் பச்சை அவர் இறக்கும்வரை நிலைத்த இரகசியம் இதுவே.

லேசர் செய்யும் வேலை, அந்தத் துணிக்கையை உடைத்துச் சிறிதாக்குவது மட்டுமே. எரியும் விளக்கின் சிமினியில் ஒரு துளி குளிர்நீர் பட்டால் அது வெடிப்பதைக் கண்டிருப்பீர்கள். வெப்பம் திடீரென மாறுவதால் வருவது அது. அவ்வாறே மிகக் குறுகிய கணத்தில் மைத்துணிக்கையைச் சூடாக்கினால், சூடு அயலுக்குப் பரவுமுன் துணிக்கை சிதறும். குறுகிய கணம் என்றால், ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்காகிய நனோ செக்கன் அளவில் எண்ணப்படும் கணம். அதிலும் ஆயிரம் மடங்கு குறுகிய அளவில் எண்ணப்படும் கருவிகள் 2012 ஆம் ஆண்டுமுதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் புழக்கத்துக்கு வந்துள்ளன. லேசர் தோன்றியது 1960 ஆம் ஆண்டில். அந்தப் பத்தாண்டிலேயே லியோன் கோல்ட்மன் என்ற அமெரிக்க வைத்தியர் அதைப் பச்சையின்மேற் பரீட்சித்தார். எனினும் தோலை விட்டு மையை மட்டும் தாக்குவதற்குரிய கணக்கை அன்டர்சன், பாரிஷ் என்னும் இருவர் தெளிவாக எழுதியது 1983 இல்.

சிதறிய பொடியை வெளியேற்றுவது யார்? அந்தப் பழைய தின்குழியங்களும் நிணநீரும் குருதியுந்தான். நம் உடலே அதைச் சிறுகச் சிறுகச் சுமந்து செல்கின்றது. அதற்கு வாரங்கள் ஆகும். லேசர் கதவைத் திறந்துவிடுகின்றது. நடந்து போவது உடலின் வேகத்தில். அந்த வேகத்தை எந்த அழகு நிலையமும் பணத்துக்கு விற்க முடியாது. அன்றியும், மை முழுவதும் உடலைவிட்டு நீங்குகின்றது என்பதும் சரியன்று. ஒரு பகுதி நிணநீர்க் கணுக்களிற் சென்று தங்கும். லேசர் செய்யாதவருக்கும் இது உண்டு. பச்சை மையின் மிக நுண்ணிய துணிக்கைகள் அக்கணுக்களில் இருப்பதை 2017 ஆம் ஆண்டில் கிரெனோபிள் நகரத்து ஆய்வுக்கூடத்தின் ஊடுகதிர்களாற் கண்டனர்.

இவ்வளவையும் கேட்ட பையன், மாணவனாயிருந்த காலத்தில் ஒருபோதும் கேட்காத நல்ல கேள்வியொன்றைக் கேட்டான்: "அப்ப எத்தனை தரம் சேர்?"

ஒருவருக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2012 ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர்கள் 352 பேரைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், பத்துத் தடவைக்குப் பின்னர் பச்சை நீங்கப்பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேர். பதினைந்து தடவைக்குப் பின்னர் 75 பேர். புகை பிடிப்போருக்குப் பலன் மிகக் குறைந்தது. கறுப்பும் சிவப்பும் அல்லாத நிறங்களுக்கும் குறைந்தது. அவசரக்காரர்கள் கவனிக்கவேண்டியது இன்னுமொன்று: எட்டு வாரமோ அதற்குக் குறைவோ இடைவெளி விட்டுச் செய்தவர்களுக்கும் பலன் குறைந்தே காணப்பட்டது. பத்துத் தடவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதம். கூட்டிப் பார்த்தால் இருபது மாதத்துக்குக் கிட்ட வருகின்றது. தாயாரின் கையிலோ இரண்டு மாதம்.

தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப வெட்டி எடுக்கேலாதோ?" என்றார். சிறிய புள்ளியாயின் சத்திரசிகிச்சையால் வெட்டித் தைக்கலாம். ஒரு கோட்டுத் தழும்பு நிற்கும். ஒரு சாண் நீளத்துக் கொடியை அவ்வாறு எடுப்பது நற்காரியமன்று என்றேன்.

அவர்கள் எண்ணிப் பார்த்திராத வேறொன்று நிறம். அவனுடைய பச்சையின் நிறமும், அவனுடைய தோலின் நிறமும். கறுப்பு எல்லா ஒளியையும் உறிஞ்சுவதால் எளிதில் உடையும். சிவப்பு மைக்குப் பச்சை ஒளி வேண்டும். பச்சை மைக்குச் சிவப்பு ஒளி வேண்டும். மஞ்சளும் வெள்ளையும் மிகவும் பிடிவாதமானவை. ஒரே லேசர் எல்லா நிறத்தையும் போக்கும் என்பது விளம்பரக்காரரின் வாக்கு. நம்மவருக்கு இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் பொருளும் ஒளியை உறிஞ்சுவதே. கருவிக்கு அதுவும் மையைப் போன்றதே. 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளி மெலனினை அதிகம் தாக்காது ஆழத்துக்குச் செல்லும்; ஆதலின் மாநிறத்தார்க்கும் கரிய நிறத்தார்க்கும் அதுவே பாதுகாப்பு மிக்கது. அது கறுப்பு மைக்கு நன்று. பச்சை மைக்குப் பெரும்பாலும் பயன்படாது. பச்சைக்குரிய ஒளியை நம் தோலிலே கவனமின்றிச் செலுத்தினால் மை இருக்க மெலனின் போய்விடலாம். அப்போது எழுத்துப் போன இடத்தில் அதே எழுத்து வெண்மையாய் நிற்கும். நம் சமூகத்திலே தோலில் வெள்ளை விழுந்தால் ஊர் என்ன பேசுமென்பது தாய்மாருக்கு நன்கு தெரியும். அந்தக் காட்சியில் இருந்த தோளோ வெள்ளைக்காரனுடையது.

பெண்மக்களுக்கும் ஒரு வார்த்தை. இந்நாளில் அழகு நிலையங்களிற் புருவத்துக்கும் உதட்டுக்கும் நிலையான மை ஏற்றிக்கொள்கின்றனர். பிடிக்காவிடில் லேசரால் எடுத்துவிடலாம் என்று சொல்லப்படுகின்றது. தோல் நிறத்தும் இளஞ்சிவப்பு, கபில நிறத்தும் மைகளில் இரும்பொட்சைட்டும், வெள்ளை நிறத்துக்காகத் தைத்தானியம் சேர்ந்த பொருளும் இருப்பதுண்டு. இவை லேசர் பட்டதும் வெளுப்பதற்குப் பதிலாகக் கறுத்துவிடக் கூடும். இளஞ்சிவப்பு உதடு ஒரு கணத்திற் கரிபூசியதாகிவிட்டால் என் செய்வது? அறிந்த வைத்தியர், முதலில் மறைவான ஒரு சிறு புள்ளியிற் பரீட்சித்துப் பார்ப்பார். பரீட்சியாமல் தொடங்குகின்றவரிடமிருந்து எழுந்து வந்துவிடுதல் நலம். கருவுற்றிருப்போர்க்கும் பெரும்பாலும் பின்போடுவார்கள்.

வலி பற்றிக் கேட்போருக்கு: இறப்பர் பட்டியை இழுத்துத் தோலில் விட்டாற்போல இருக்குமென்பர். கொப்புளம் எழுவதுண்டு, அதை உடைக்கலாகாது, மஞ்சளும் பற்பசையும் பூசலாகாது. வெயிலிற் காட்டலாகாது என்பதும் முக்கியம். மோட்டார்ச் சைக்கிளில் கையை நீட்டிக்கொண்டு செல்லும் இளைஞருக்கு இதுவே மிகவும் கடினம். லேசர் கருவியைத் தோல் நோய் வைத்திய நிபுணரின் மேற்பார்வையில் அன்றி வேறெங்கும் நாடவேண்டாம். சிறிய பேனா வடிவிலே இணையத்தில் விற்கப்படும் கருவிகளை வாங்கி வீட்டிற் செய்துபார்ப்பது கண்ணுக்கே ஆபத்து. பார்வை போனால் பின்னர் பச்சையைப் பற்றிய கவலையும் இராது!

அன்று மாலை விளக்கேற்றும் நேரமாயிற்று. நான் கடைசியாகப் பையனிடம் ஒன்று கேட்டேன். "தம்பி, அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ?" என்றேன். தெரியாதென்றான். சபைக்கு மறைப்பதைப் பற்றி இரண்டு மணிநேரம் பேசியிருக்கின்றோம். அந்தக் கையைப் பிடிக்கப்போகின்றவளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தாயார் என்னைக் கோபத்தோடு பார்த்தார். நான் கேட்டது பிழையோ என்று அன்றிரவு முழுவதும் எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. சம்பந்தம் குழம்பினால் பழி என்மேல் அல்லவா?

நான்கு நாள் கழித்துப் பையன் தொலைபேசியில் அழைத்தான். தானே நேரிற் சென்று பெண்ணிடம் சொல்லிவிட்டதாகவும், அவள் ஒரு நாள் முழுவதும் பேசாதிருந்ததாகவும், மறுநாள் "மணவறைக்குப் புண்ணோட வந்து நிக்காதேங்கோ, கலியாணத்துக்குப் பிறகு டொக்டரிட்டப் போவம்" என்று சொன்னதாகவும் கூறினான். அழகு நிலையத்துக்குக் கொடுத்த முற்பணம் திரும்பி வரவில்லை.

திருமணத்துக்கு நானும் என் மனைவியும் சென்றிருந்தோம். மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்தவரே மாப்பிள்ளையின் முன்கைக்கும் தோல் நிறத்துப் பூச்சொன்றைப் பூசியிருந்தார். ஓமப் புகையிலும் வியர்வையிலும் அது சற்றே கலைந்து, ரோசாவின் ஓரம் தெரிந்தது. யாராவது பார்த்தார்களோ நான் அறியேன். தாலி கட்டும் வேளையில் எல்லாருடைய கண்ணும் வேறிடத்தில் இருந்தது.

அந்த ஆவணியின் இறுதியிற் சிகிச்சையைத் தொடங்கினான். புகைப்பதையும் விட்டான், அது மருமகளின் கட்டளை என்று தாயார் பெருமையாகச் சொல்கின்றார். சென்ற வாரம் ஆறாவது தடவை முடிந்ததென்று வந்து கையைக் காட்டினான். முதல் இரண்டு எழுத்துகளையும் தெரிந்தவர்தாம் வாசிக்கலாம். மற்றை இரண்டும் சாம்பல் நிறமாய் மங்கியிருக்கின்றன. ரோசா இருந்த இடம் தெரியவில்லை. அந்தப் பச்சைக் கொடி மாத்திரம், ஓர் இலைகூட உதிராமல், அப்படியே இருக்கின்றது.